எரிபொருளை மிச்சம் பிடிக்கும் கருவிகள்: பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

எரிபொருள் விலை ஏறும்போதெல்லாம் ஒரு வியாபாரமும் கூடவே சூடு பிடிக்கிறது. பெற்றோல் குழாயில் பூட்டும் காந்தம், காற்றைச் சுழற்றி அனுப்பும் தகட்டு விசிறி, பெற்றோல் தாங்கிக்குள் போடும் குளிசை, தண்ணீரிலிருந்து ஐதரசன் எடுக்கும் போத்தல், காரில் செருகினால் பச்சை விளக்கு மினுங்கும் சின்னப் பெட்டி என்று அது பல உருவங்களில் வரும். பெயர்கள் மாறும். வாக்குறுதி மட்டும் மாறாது: 10 வீதம், 20 வீதம், சில வேளை 40 வீதம் எரிபொருள் மிச்சம்.

வடக்கிலும் கிழக்கிலும் இந்த வாக்குறுதியைக் கேட்கிறவர்களில் பலர் வாகனத்தை வசதிக்காக வைத்திருப்பவர்கள் அல்லர். லீசிங்கில் எடுத்த முச்சக்கரவண்டியின் மாதத் தவணையை அதே வண்டியின் உழைப்பில் கட்டுகிறவர், மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டி ஊர் ஊராகப் போகிறவர், தனி ஆளாகக் குடும்பத்தைக் கொண்டிழுக்கும் ஒரு தாய், கால் இழந்த பின் மூன்று சில்லு பொருத்திய ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவர். இவர்களுக்கு ஒரு நாளில் அரை லீற்றர் மிச்சம் என்பது சின்னப் பேச்சு அல்ல. ஆகவே, இந்தக் கருவிகள் வேலை செய்யுமா என்ற கேள்விக்குச் சிரித்துவிட்டுப் போகாமல் ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும்.

பதில் சுருக்கமானது. வேலை செய்யாது. ஏன் செய்யாது, அப்படியிருந்தும் ஏன் பலர் 'எனக்கு வேலை செய்தது' என்கிறார்கள், உண்மையில் எதனால் மிச்சம் பிடிக்கலாம் என்பவைதான் விளக்க வேண்டிய விடயங்கள்.

எங்களை ஏன் இலகுவாக நம்பவைக்க முடிகிறது?

2022 ஜனவரியில் ஒக்டேன் 92 பெற்றோல் ஒரு லீற்றர் 177 ரூபா. அதே ஆண்டு ஜூன் மாத முடிவில் 470 ரூபா. அந்த விலைக்கும் நாட்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. பிறகு கியூ.ஆர். முறை வந்தபோது தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர்தான் கிடைத்தது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகில் கடலுக்குப் போகிற குடும்பங்கள் அந்த நாளை மறந்திருக்க மாட்டார்கள். ஒரு துளியைக்கூட வீணாக்கக்கூடாது என்ற பயம் அந்த ஆண்டில் நாடு முழுவதற்கும் வந்தது.

ஆனால் எங்களுக்கு அந்தப் பயம் புதிதல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல், டீசல், பற்றரி எல்லாம் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருந்தன. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மோட்டார் சைக்கிள்களும் பழைய ஒஸ்ரின், மொரிஸ் மைனர் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் ஊதிவிட்டு ஸ்ராட் செய்வார்கள். இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடும். பற்றரி இல்லாத வானொலியைச் சைக்கிள் டைனமோவில் பாட வைத்தார்கள். கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்கும் அந்தக் கெட்டித்தனத்தில் எங்களுக்கு நியாயமான பெருமை உண்டு. 'மண்ணெண்ணெயில் ஓடின மோட்டார் சைக்கிளைப் பார்த்தவர்கள் நாங்கள், காந்தத்தில் மிச்சம் பிடிக்க ஏலாதா?' என்ற எண்ணம் அங்கேயிருந்துதான் வருகிறது.

இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. மண்ணெண்ணெய், பெற்றோலைப் போலவே எரிந்து சக்தி தரக்கூடிய ஒரு பொருள். குளிர்ந்த இயந்திரத்தில் அது இலகுவில் ஆவியாகாது. அதனால்தான் முதலில் பெற்றோல் தேவைப்பட்டது. அதற்கும் ஒரு விலை கொடுத்தோம். ஊரெல்லாம் புகை, இயந்திரத்தில் கரி, இழுவைக் குறைவு, அடிக்கடி கழற்றித் துப்புரவாக்கும் வேலை. அதாவது அன்று எரிபொருள்தான் மாறியது. ஒரு லீற்றரிலிருந்து இல்லாத சக்தியை யாரும் எடுக்கவில்லை. எடுத்ததாகச் சொல்லவும் இல்லை. அந்த வித்தை தெருவில், எல்லோர் கண்முன்னாலும், கராஜுக்குக் கராஜ் இலவசமாகப் பரவியது. இன்று விற்கப்படும் கருவியோ ஒட்டி மூடிய பெட்டிக்குள் வருகிறது.

ஒரு லீற்றர் பெற்றோல் எங்கே போகிறது?

பெரும்பாலான கருவிகள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: 'உங்கள் இயந்திரத்தில் பெற்றோல் முழுமையாக எரிவதில்லை. இதைப் பூட்டினால் முழுமையாக எரியும்.'

கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் நல்ல நிலையில் உள்ள இன்றைய நான்கு வீச்சு இயந்திரத்தில் உள்ளே போகும் எரிபொருளில் 98 வீதமளவு ஏற்கனவே எரிந்துவிடுகிறது. மிச்சமிருப்பது ஒன்றிரண்டு வீதம். அதை முழுவதுமாக எரித்தாலும் 20 வீத மிச்சம் எங்கிருந்து வரும்?

பெற்றோலின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்களவுதான் சில்லைச் சுழற்றுகிறது என்பது உண்மைதான். மிகுதியில் பெரும்பகுதி எரியாமல் போவதில்லை. எரிந்த பிறகு வெப்பமாகப் போகிறது. சைலன்சரின் சூடும் இயந்திரத்தின் சூடும் அதுதான். இது வெப்ப இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் உள்ள எல்லை. குழாயில் கட்டிய காந்தமோ தாங்கியில் போட்ட குளிசையோ அந்த வெப்பத்தைத் திருப்பிச் சில்லுக்கு அனுப்பாது.

பழைய இரு வீச்சு முச்சக்கரவண்டிகளின் கதை கொஞ்சம் வேறு. அவற்றில் புதிதாக உள்ளே வரும் கலவையில் ஒரு பகுதி எரியாமலே வெளியே போய்விடும். அந்த நீலப் புகைக்குக் கலவையோடு போகும் எண்ணெயும் ஒரு காரணம். ஆனால் கலவை தப்பிப் போவதற்குக் காரணம் இயந்திரத்தின் அமைப்பு. உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் ஒரே நேரத்தில் சற்றுத் திறந்திருக்கும். வெளியே கட்டும் எந்தக் கருவியாலும் அதை மூட முடியாது.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

காந்தம்: பெற்றோல் மூலக்கூறுகளைக் காந்தம் 'ஒழுங்குபடுத்தும்' அல்லது 'பிரிக்கும்' என்பார்கள். பெற்றோல் காபனும் ஐதரசனும் சேர்ந்த பொருள். இரும்பைப் போலக் காந்தத்துக்கு இழுபடும் பொருள் அல்ல. குழாயைத் தாண்டிச் சிலிண்டருக்குள் போகும்போது அது எப்படியிருந்ததோ அப்படியேதான் இருக்கும். 27 வீதத்துக்கு மேல் மிச்சம் என்று காந்தக் கருவி விற்றவர்களை 2004இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு நீதிமன்றத்துக்கே கொண்டுபோனது.

காற்றுச் சுழற்றி: காற்று சுழன்று போனால் பெற்றோலோடு நன்றாகக் கலக்கும் என்பது இதன் கதை. காற்று போகும் வழியில் தகடு ஒன்றை வைத்தால் முதலில் நடப்பது காற்றுக்குத் தடை. மேலும், இயந்திரத்துக்குள் காற்று எப்படிச் சுழல வேண்டும் என்பதை அதை வடிவமைத்தவர்கள் உள்வழியின் வளைவிலேயே தீர்மானித்துவிடுகிறார்கள்.

குளிசையும் திரவமும்: சில திரவங்களுக்கு இன்ஜெக்டரில் படிந்த அழுக்கைக் கழுவும் தன்மை உண்டு. அழுக்குப் பிடித்த இயந்திரம் கழுவிய பிறகு பழைய நிலைக்குத் திரும்பலாம். புதியதாக இருந்தபோது ஓடியதைவிடக் கூடுதலாக ஓடாது. 'எந்த வாகனத்துக்கும் 20 வீதம்' என்று எழுதியிருந்தால் அது அழுக்குக் கழுவும் பொருளைப் பற்றிய பேச்சு அல்ல.

செருகும் பெட்டி: ஸ்டியரிங்குக்குக் கீழே கராஜ்காரர் கணினி பொருத்திப் பார்க்கும் செருகுவாயில் அல்லது சிகரெட் பற்றவைக்கும் துளையில் இதைச் செருகச் சொல்வார்கள். உங்கள் ஓட்டத்தை 'கற்றுக்கொண்டு' இயந்திரத்தை மாற்றியமைக்கும் என்பார்கள். இவற்றில் பலவற்றைத் திறந்து பார்த்தவர்கள் கண்டது ஒரு சின்ன மின்சுற்றும் மினுங்கும் விளக்கும்தான். சிகரெட் துளையில் வருவது வெறும் மின்சாரம். அதன் வழியாக இயந்திரத்தின் கணினிக்கு எந்தக் கட்டளையும் போகாது.

தண்ணீரில் ஓடும் வாகனம்

இவை எல்லாவற்றிலும் கவர்ச்சியானது ஐதரசன் போத்தல். வாகனத்தின் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, வரும் ஐதரசனையும் ஒட்சிசனையும் இயந்திரத்துக்குள் விடுவது இதன் முறை. வாயு உண்மையாகவே வரும். குமிழி தெரியும். பற்றவைத்தால் வெடிக்கும். அதனால் நம்பிக்கையும் வரும்.

கணக்கைக் காசில் பார்ப்போம். 100 ரூபாவுக்குப் பெற்றோல் எரிகிறது. இயந்திரம் அதில் 25 ரூபாப் பெறுமதியான உழைப்பைத்தான் தரும். அந்த உழைப்பில் மின்பிறப்பாக்கியைச் சுழற்றினால் 15 ரூபாப் பெறுமதியான மின்சாரம் கிடைக்கும். அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்தால் 9 ரூபாப் பெறுமதியான ஐதரசன். அதை மறுபடி அதே இயந்திரத்தில் எரித்தால் திரும்பி வருவது 2 ரூபா சொச்சம். கருவிக்குக் கருவி இந்த எண்கள் சற்று மாறும். ஆனால் போட்டதைவிடக் கூட எடுக்க எந்தக் கருவியாலும் முடியாது. தண்ணீர் என்பது ஏற்கனவே எரிந்து முடிந்த ஐதரசன். சாம்பலை மறுபடி விறகாக்க வேண்டுமென்றால், விறகு தந்த சக்தி முழுவதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இந்தக் கதைக்கு இலங்கையிலும் ஒரு வரலாறு உண்டு. 2008இல் ஒருவர் 3 லீற்றர் தண்ணீரில் ஏறக்குறைய 300 கிலோமீற்றர் கார் ஓட்டியதாகச் சொன்னார். அன்றைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்கவுக்கு அது காட்டப்பட்டது. அரசின் முழு ஆதரவும் உண்டு என்று அறிவிக்கப்பட்டது. சில மாதங்களில் அவர் முதலீட்டு மோசடிச் சந்தேகத்தில் கைது செய்யப்பட்டார். பிரதமரோடு எடுத்த படம் ஒரு கருவி வேலை செய்வதற்கு அத்தாட்சி ஆகாது. முகநூலில் வரும் பாராட்டுக் காணொளியும் அப்படித்தான்.

பரிசோதித்தவர்கள் கண்டது

அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 1970களிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட இத்தகைய கருவிகளையும் கலவைப் பொருட்களையும் பரிசோதித்தும் மதிப்பிட்டும் வந்திருக்கிறது. மிகச் சில மட்டுமே கொஞ்சப் பலன் காட்டின. சில, புகையில் வரும் நச்சைக் கூட்டின. இயந்திரத்துக்குக் கேடு செய்யக்கூடியவையும் இருந்தன.

இன்னொரு கேள்வியும் கேட்கலாம். எங்கள் வீதிகளில் ஓடும் இந்திய மோட்டார் சைக்கிள் நிறுவனங்கள் ஒரு லீற்றருக்கு இரண்டு கிலோமீற்றர் கூட ஓடும் என்பதை வைத்தே விளம்பரம் செய்கின்றன. அதற்காக ஆண்டுக்கணக்கில் ஆராய்ச்சி செய்கின்றன. சில ஆயிரம் ரூபாக் காந்தம் 20 வீதம் மிச்சம் தருமென்றால், அதைத் தொழிற்சாலையிலேயே பூட்டி விற்காமல் விடுவார்களா?

ஆனால் எனக்கு வேலை செய்ததே?

இப்படிச் சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் கண்ட மிச்சம் வேறு இடத்திலிருந்து வந்திருக்கலாம்.

காசு கொடுத்துக் கருவி பூட்டியவர் அடுத்த நாள் முதல் கவனமாக ஓடுவார். முறுக்கு குறையும், சடுதியாகப் பிரேக் பிடிப்பது குறையும். அதிலேயே எரிபொருள் மிச்சமாகும். சில கருவிகளோடு வரும் தாளில் 'பூட்டுவதற்கு முன் எண்ணெய் மாற்றுங்கள், பிளக்கைத் துப்புரவாக்குங்கள், ரயர் காற்றைச் சரிபாருங்கள்' என்று எழுதியிருக்கும். பலன் தந்தது அந்த வேலைகள். பெயர் எடுத்தது பெட்டி.

அளவையிலும் பிழை வரும். 8 லீற்றர் கொள்ளும் தாங்கியில் ஒரு முறை கழுத்து வரையும் மறுமுறை அரை லீற்றர் குறைவாகவும் நிரப்பினால், கணக்கில் 6 வீத வித்தியாசம் தானாகவே வந்துவிடும். காற்று, மழை, ஏற்றிய பாரம், நகர நெரிசல் எல்லாம் இதற்கு மேல். மறுபக்கம், காசு கொடுத்து ஒன்றும் கிடைக்காதவர் பெரும்பாலும் வெட்கத்தில் பேசாமல் இருந்துவிடுவார். ஆகவே நாங்கள் கேள்விப்படுவது மிச்சம் கண்டதாக நினைப்பவர்களின் குரலை மட்டும்தான்.

வாங்குவதற்கு முன் நீங்களே அளவுங்கள்

ஒரே நிரப்பு நிலையத்தில், ஒரே அளவுக்குத் தாங்கியை நிரப்புங்கள். ஓடிய தூரத்தைக் குறியுங்கள். வழமையான பாதையில் 100 கிலோமீற்றருக்கு மேல் ஓடிய பிறகு மறுபடி அதே அளவுக்கு நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இப்போது ஊற்றிய லீற்றரால் பிரித்தால் கிடைப்பது உங்கள் வண்டியின் கணக்கு. இதை ஐந்து முறை செய்யுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு முச்சக்கரவண்டிக்கு 24.1, 25.3, 23.8, 24.9, 25.6 என்று வருகிறது என்று வைப்போம். சராசரி 24.7. மிகக் குறைந்ததற்கும் கூடியதற்கும் இடையில் 1.8 கிலோமீற்றர், அதாவது 7 வீதம். எந்தக் கருவியும் பூட்டாமலே இவ்வளவு ஏற்ற இறக்கம். இனி யாராவது கருவி பூட்டி ஒரே ஒரு முறை ஓடிவிட்டு '5 வீதம் மிச்சம்' என்றால், அதில் ஒன்றும் இல்லை என்று உங்களுக்கே தெரியும். கருவியைப் பரிசோதிக்க வேண்டுமென்றால் பூட்டி ஐந்து முறை, கழற்றி மறுபடி ஐந்து முறை ஓடிப் பார்க்க வேண்டும். விற்கிறவர் அதற்குச் சம்மதித்து, பலன் இல்லாவிட்டால் காசைத் திருப்பித் தருவதாக எழுதித் தருவாரா என்று கேளுங்கள்.

நட்டத்தையும் கணக்குப் பாருங்கள். ஒரு நாளைக்கு 4 லீற்றர் போடுகிறவருக்கு, லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் செலவு 1,200 ரூபா. கருவியின் விலை 6,000 ரூபா என்றால், அவர் கொடுப்பது ஐந்து நாள் எரிபொருள். விற்கிறவர் சொல்லும் கணக்கு வேறு. '10 வீதம் மிச்சம், ஒரு நாளைக்கு 120 ரூபா, 50 நாளில் போட்ட காசு வந்துவிடும்' என்பார். கூட்டல் பெருக்கலில் பிழை இல்லை. அந்த 10 வீதம்தான் இல்லை.

உண்மையில் மிச்சம் தருபவை

ஓடும் முறை: சடுதியாக முறுக்குவது, வேகமாகப் போய்ச் சடுதியாகப் பிரேக் பிடிப்பது ஆகியவைதான் பெரிய செலவு. நின்று நின்று ஓடும் வீதிகளில் முரட்டு ஓட்டம் ஒரு லீற்றருக்கு ஓடும் தூரத்தை 10 முதல் 40 வீதம் வரை குறைக்கும் என்பது அமெரிக்க வலுசக்தித் திணைக்களத்தின் கணிப்பு. எந்தப் பெட்டியும் தராத மிச்சம் வலது கையிலும் வலது காலிலும் இருக்கிறது.

ரயர் காற்று: காற்றுக் குறைந்த ரயர் வீதியில் கூடுதலாக நசிந்து உருளும். கார்களில் நான்கு ரயரிலும் ஒவ்வொரு பி.எஸ்.ஐ. குறைவுக்கும் 0.2 வீத எரிபொருள் கூடச் செலவாகும். 10 பி.எஸ்.ஐ. குறைந்தால் 2 வீதம். ரயரும் விரைவில் தேயும். வாங்கத்தான் வேண்டுமென்றால் காற்று அளக்கும் மானி ஒன்றை வாங்கலாம்.

எயர் பில்ரர்: புதிய இன்ஜெக்ஷன் வாகனங்களில் அடைபட்ட பில்ரர் இழுவையைக் குறைக்கும், எரிபொருள் செலவை அவ்வளவாகக் கூட்டாது. கணினி பெற்றோலையும் அதற்கேற்பக் குறைத்துவிடும். காபரேற்றர் உள்ள பழைய கார்களில் அடைபட்ட பில்ரரை மாற்றினால் 2 முதல் 6 வீதம் வரை மிச்சம் வரலாம். வன்னியின் செம்மண் வீதிகளில் காபரேற்றர் வண்டி ஓடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இறுகிய பிரேக்: சில்லைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றிய உடனே நின்றால் பிரேக் உரசுகிறது. நாள் முழுவதும் பிரேக்கை இழுத்துக்கொண்டு ஓடுவதற்கு நீங்கள் பெற்றோல் ஊற்றுகிறீர்கள். காய்ந்த செயினும் வழுக்கும் கிளட்சும் இதே வகை நட்டம்.

ஓடாமல் இயங்கும் இயந்திரம்: தரிப்பிடத்தில் ஆள் காத்து நிற்கும்போது நிறுத்திவிடுங்கள். நிற்கும் வண்டிக்கு ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கேட்டால், விடை பூச்சியம்.

எச்சரிக்கை விளக்கு: புதிய காரில் இயந்திர விளக்கு எரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். பழுதான ஒட்சிசன் உணரி ஒன்றே எரிபொருள் செலவைப் பெருமளவில் கூட்டிவிடும்.

கராஜில் காபரேற்றர் திருகைத் திருப்பிப் பெற்றோலைக் 'குறைத்து விடுவதும்' நடக்கிறது. கலவை அளவுக்கு மேல் தடித்திருந்தால் அதைச் சரிசெய்வது நல்லதே. சரியான அளவுக்குக் கீழே குறைத்தால் இயந்திரம் கூடுதலாகச் சூடேறி வால்வும் பிஸ்ரனும் பழுதாகும். மிச்சம் பிடித்த காசு அந்த ஒரே திருத்த வேலையில் போய்விடும். வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையிலும் சிக்கல் வரலாம்.

ஏமாற்றப்பட்டால்

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பொருளைப் பற்றிப் பொய்யான அல்லது பிழையாக வழிநடத்தும் வாக்குறுதி கொடுத்து விற்பதைத் தடை செய்கிறது. அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டைத் தாமதிக்காமல் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதற்குப் பற்றுச்சீட்டு அவசியம். ஆகவே வாங்கும்போதே பற்றுச்சீட்டுக் கேளுங்கள். 'இத்தனை வீதம் மிச்சம்' என்ற விளம்பரத்தைத் தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். கடை விலாசம் இல்லாமல், பொதியைக் கொண்டுவருகிறவரிடம் காசைக் கொடுக்கும் முறையில் மட்டும் விற்கிறவரிடம் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். காசைத் திருப்பிக் கேட்க அங்கே ஆள் இருக்காது.

இதை வாசித்த பிறகும் ஒரு கருவி உண்மையாக இருக்குமோ என்ற எண்ணம் வந்தால், இந்தக் கிழமை ரயருக்குச் சரியான காற்று அடித்து, பில்ரரைத் தட்டி, பிரேக்கைப் பார்த்து, மேலே சொன்னபடி ஐந்து முறை அளந்து பாருங்கள். அதற்கு ஒரு கொப்பியும் பேனையும் போதும். அந்தக் கொப்பியை விற்க வருகிறவருக்குக் காட்டி, இதைவிடக் கூட ஓடுமா என்று கேளுங்கள்.